தேனீக் கொடுக்கும் இருபது வினாடியும்

தேனீ கொட்டிவிட்டால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? வெற்றிலைப் பெட்டியிலிருந்து சிறிது சுண்ணாம்பை வழித்துக் கொட்டிய இடத்தில் தடவுவார்கள். பள்ளியில் கேட்டால் இதற்கு விளக்கமும் கிடைக்கும். தேனீயின் நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் நடுநிலையாக்கல் நிகழும், வலி அடங்கிவிடும். பாடநூல்கள் சில, சுண்ணாம்புக்குப் பதிலாகச் சமையல் சோடாவைச் சொல்கின்றன. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் இது சரிதானா என்று சற்று அளந்து பார்ப்போம்.

தேனீ நஞ்சு அமிலத்தன்மை உடையது என்பது உண்மையே. அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5. காலையில் நாம் அருந்தும் காப்பியின் மதிப்பும் அதை ஒட்டியதுதான். நம்முடைய தோலின் மேற்பரப்பும் ஏறத்தாழ அதே அளவு அமிலத்தன்மை கொண்டதே. எனவே கொட்டியவுடன் உயிர் போவதுபோல் எழும் வலிக்கு அமிலத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது. பார்மிக் அமிலம் என்று சொல்கிறார்களே, அது மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் ஆயுதம். கடித்த இடத்தில் அதைப் பீய்ச்சி விடும். எறும்பின் கணக்கில் இருப்பதைத் தேனீயின் கணக்கில் எழுதிவிட்டார்கள் போலும்!

உண்மையான குற்றவாளி வேறு. நீர் நீங்கலாகத் தேனீ நஞ்சின் எடையில் ஏறக்குறையப் பாதி, மெலிட்டின் என்னும் பொருள். 26 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதச் சங்கிலி அது. உயிரணுக்களின் சுவரான மெல்லிய சவ்வில் இது ஓட்டை போடுகிறது. வலி உணரும் நரம்பு முனைகளையும் தூண்டிவிடுகிறது. உடனிருக்கும் ஒரு நொதி, சவ்வின் கொழுப்பைச் சிதைத்து இவ்வேலைக்குத் துணை நிற்கிறது. பி.எச். மதிப்பைச் சற்று மாற்றிவிட்டால் இவை வேலையை நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அது போகட்டும். சுண்ணாம்பு எங்கே இருக்கிறது, நஞ்சு எங்கே இருக்கிறது? கொடுக்கு தோலுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி நஞ்சைச் செலுத்தியிருக்கிறது. நாமோ மேல்தோலின்மேல் பூசுகிறோம். வெளியிலிருப்பது எளிதில் உள்ளே நுழையாதபடி காப்பதே மேல்தோலின் வேலை அல்லவா? நீருக்கே எளிதில் வழி விடாத அந்தத் தோல், சுண்ணாம்பை உள்ளே விடுமா? மாறாக, சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கலாம். கண்ணருகே கொட்டியிருந்தால் சுண்ணாம்பை அங்கே கொண்டுபோகவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும்.

சரி, சுண்ணாம்பு டப்பாவைத் தேடும் நேரத்தில் கையில் என்ன நடக்கிறது? இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தேனீயின் கொடுக்கு வெறும் ஊசி அன்று. அது ஒரு பம்பு. நடுவே பள்ளம் கொண்ட ஒரு தண்டு. அதை ஒட்டி, பின்னோக்கி வளைந்த முட்களுடன் இரண்டு ஈட்டிகள். இவை இரண்டும் மாறி மாறி முன்னும் பின்னும் நழுவுகின்றன. ஒன்று தோலைப் பற்றிக்கொள்ள, மற்றது இன்னும் சற்று ஆழம் இறங்கும். ஒவ்வோர் ஈட்டியிலும் குடை போன்ற ஒரு வால்வு உண்டு. ஈட்டி முன்னேறும்போது அந்த வால்வு நஞ்சை முன்னே தள்ளும். பின்வாங்கும்போது மடங்கி வழி விடும். ஊர்க் கைப்பம்பின் தத்துவந்தான்!

நம் தோல் இழுபடும் தன்மை உடையதாதலால் முட்கள் மாட்டிக்கொள்கின்றன. தேனீ விடுபட்டுப் பறக்க முயலும்போது கொடுக்கு, நஞ்சுப் பை, தசைகள், அவற்றை இயக்கும் நரம்பு முடிச்சு எல்லாம் சேர்ந்து பிய்ந்து நம் தோலிலேயே தங்கிவிடுகின்றன. தேனீ இறந்துபோகும். பம்பு மட்டும் உடலின்றித் தானே இயங்கிக்கொண்டிருக்கும்!

எவ்வளவு நேரம்? 1994-இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்தார்கள். பையிலுள்ள நஞ்சில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 20 வினாடிக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மொத்த நஞ்சே ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். தூள் உப்பின் ஓரிரு பரல்களின் எடை!

கொடுக்கை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது, பை பிதுங்கி நஞ்சு உள்ளே போய்விடும், கத்தி முனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று பலர் எச்சரிப்பார்கள். விஷர் என்னும் பூச்சியியலாரும் அவருடைய நண்பர்களும் இதையும் சோதித்து, 1996-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கிள்ளி எடுத்தாலும் சுரண்டி எடுத்தாலும் தடிப்பின் அளவு ஒன்றே. தாமதம் கூடக் கூடத்தான் தடிப்பும் பெரிதாயிற்று. பம்பின் அமைப்பை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது. நஞ்சைத் தள்ளுவது வால்வுகள். பையைப் பிசைவது அன்று. ஆகவே கத்தி தேடி ஓடாதீர்கள். நகத்தால் உடனே எடுத்தெறியுங்கள்.

ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கவும் கூடாது. கொடுக்கிலிருந்து ஒரு மணம் கிளம்புகிறது. ஐசோஅமைல் அசிடேட் என்னும் இப்பொருளை 1962-இல் அடையாளம் கண்டார்கள். மிட்டாய்களுக்கு வாழைப்பழ வாசனை ஊட்டுவதும் இதுவே. நமக்கு வாழைப்பழம், மற்றத் தேனீக்களுக்கோ "இங்கே தாக்கு" என்னும் அழைப்பு. கையை வீசி அடிக்காமல், முகத்தை மூடிக்கொண்டு, கதவுள்ள இடத்துக்கு விரைந்து செல்ல வேண்டும். குளத்தில் குதித்தால், தலை தூக்கும்வரை மேலேயே காத்திருக்கும்.

பின்பு கொட்டிய இடத்தைச் சோப்பு நீரால் கழுவுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ச்சியில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். நரம்பின் செய்தியும் மந்தமாகும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும் என்று படித்திருப்பீர்களே, வெறும் குளிர்ந்த நீரைவிடப் பனிக்கட்டி நெடுநேரம் பயன்படுவது அதனால்தான். மறுநாள் வீக்கம் சற்றுக் கூடி அரிப்பதும் இயல்பே.

இனிச் சொல்வதை நன்றாக நினைவில் வையுங்கள். சிலருக்கு ஒரே கொட்டு போதும், உயிருக்கு ஆபத்தாகிவிடும். நஞ்சின் அளவு அங்கே பொருட்டன்று. உடலின் ஒவ்வாமைதான் காரணம். முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகாதவருக்கும் இது நேரலாம். கொட்டிய சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். அவரை நடக்க விடாமல் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. எவ்வளவு விரைவில் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. மந்திரிக்கவோ பச்சிலை அரைக்கவோ அப்போது நேரமில்லை. வாயினுள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பல இடங்களில் கொட்டினாலும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சு மிகுந்தால் தசைகளும் சிறுநீரகமும் கெடும்.

குளவிக்கும் கதண்டுக்கும் இதே முதலுதவிதான். ஆனால் கொடுக்கைத் தேட வேண்டாம். அவற்றின் முட்கள் மிகச் சிறியவை, தோலில் மாட்டுவதில்லை. குத்திய ஊசியை உருவிக்கொண்டு, அதே குளவி மீண்டும் வந்து கொட்டும்.