கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (அக்டோபர் 11, 1908 – 1980) தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் புகழ்பெற்ற பாடகியும் நடிகையும் ஆவார். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. சுந்தராம்பாள், பாலாம்பாள் என்பது இவரது தாயார் பெயர். "கொடுமுடி கோகிலம்" என்றும் இவர் அழைக்கப்பட்டார். தமது வாழ்க்கைத் துணைவரும் நாடக நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பா 1933 ஆம் ஆண்டு மறைந்ததும் மேடையை விட்டுக் கொடுமுடிக்குத் திரும்பினார். பின்னர், ஆண்களுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியுடன் திரைப்படத்திலும் அரசியலிலும் புதிதாகத் தொடங்கி மீண்டும் பெரும்புகழ் பெற்றார்.

இளமை

சுந்தராம்பாள் பிறந்த கொடுமுடி, இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள சிற்றூர். மகுடேசுவரர் கோயிலால் அறியப்படுவது. வறுமையான குடும்பம். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடியதைக் கேட்டவர்கள் வழியாக நாடகத் துறைக்கு வந்தார் என்று கூறப்படுகிறது. வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து சிறுவர் வேடங்களில் நடித்தார். அக்காலத்தில் தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கைக்கு அடிக்கடி சென்று வந்தன. இவரும் கொழும்பில் பல நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றார்.

கிட்டப்பாவுடன்

செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா (1906–1933) கன்னையா நாடகக் குழுவில் வளர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி உச்ச சுருதியில் பாடவல்லவர். 1926 ஆம் ஆண்டு கொழும்பில் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தனர். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடுவது இயலாது என்று சுந்தராம்பாளைச் சிலர் எச்சரித்ததாகச் சொல்வர். நாடகம் வள்ளி திருமணம்.

இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்க, அக்கால "ஸ்பெஷல் நாடகம்" பற்றி அறிய வேண்டும். இதில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஓர் இரவு நாடகத்துக்கென ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுவர். ஒத்திகை கிடையாது, கதையும் பாடல்களும் எல்லோருக்கும் மனப்பாடம். எனவே மேடையில் நடப்பது பாதி நடிப்பு, பாதி போட்டி. வள்ளியும் வேடனாக வரும் முருகனும் பாட்டாலேயே தர்க்கம் செய்வர். ஒருவர் இழுத்த ராகத்துக்கு மற்றவர் விடை சொல்ல முடியாவிட்டால் கொட்டகையே சிரித்துவிடும். சுந்தராம்பாள் விடை சொன்னார். அன்று முதல் இந்த இணை கொழும்பிலும் தமிழகத்திலும் கூட்டத்தை ஈர்த்தது.

மேடைக் காதல் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927 ஆம் ஆண்டளவில் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருவரும் வெவ்வேறு சாதியினர். எனவே இம்மணம் எளிதாக அமையவில்லை. பிறந்த குழந்தையும் சில நாட்களிலேயே இறந்தது. பின்னர் பிணக்கு ஏற்பட்டுப் பிரிந்து வாழ்ந்தனர். இக்காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் சில பிற்காலத்தில் அச்சில் வெளிவந்துள்ளன. குடிப்பழக்கத்தால் உடல்நலம் குன்றிய கிட்டப்பா, 1933 டிசம்பர் 2 அன்று தமது 27 ஆம் வயதில் காலமானார்.

மேடையிலிருந்து விலகல்

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலையும் நெற்றி நிறையத் திருநீறும் அணிந்து கொடுமுடியில் ஒதுங்கி வாழலானார். எந்த ஆண் நடிகருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என முடிவு செய்தார். வள்ளியாக மீண்டும் மேடையேறினால் வேறொருவர் முருகனாக நிற்க வேண்டும் என்பதை நினைத்தால், இம்முடிவு அவரது தொழிலின் அடிப்படையையே விட்டுவிடுவதாக இருந்தது எனலாம்.

மறுதொடக்கம்

இந்த விலகல் நீண்டகாலம் நீடிக்கவில்லை. அசன்தாஸ் என்னும் தயாரிப்பாளர் "நந்தனார்" படத்தில் நடிக்கும்படி கேட்டார். மறுப்பதற்காகவே சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் அதற்கும் இணங்கிவிட்டதாகவும் கூறப்படுகிறது. 1935 இல் அத்தொகை கேள்விப்படாத ஒன்று. ஆயினும் இங்கு ஊதியத்தைவிட வேடமே கவனிக்கத்தக்கது. அவர் நடித்தது நந்தனார் என்னும் ஆண் அடியாராக. வேதியராக நடித்தவர் கருநாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதி, ஆண் வேடம் பூண்டதால் காப்பாற்றப்பட்டது. படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆனந்த விகடனில் கல்கி இதனைக் கடுமையாக நையாண்டி செய்து எழுதினார்.

பின்னர் ஏற்ற முதன்மையான வேடங்களும் இதே போக்கினவே. "மணிமேகலை" (1940) படத்தில் துறவு பூணும் மணிமேகலை. 13 ஆண்டு இடைவெளிக்குப் பின் ஜெமினியின் "ஔவையார்" (1953). இது பெரும் வெற்றி பெற்றது. அதன் பிறகு தமிழர் மனத்தில் ஔவையின் முகமாக இவரது முகமே பதிந்துவிட்டது என்றால் மிகையாகாது. "பூம்புகார்" (1964) படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள். "திருவிளையாடல்" (1965) படத்தில் மீண்டும் ஔவை. "காரைக்கால் அம்மையார்" (1973) படத்தில் இளமைக்காலப் புனிதவதியாக லட்சுமி நடிக்க, இல்லறம் நீங்கிய முதிய அம்மையாராக இவர் வந்தார். அடியார், துறவி, மூதாட்டி ஆகிய இவ்வேடங்களில் காதலுக்கு இடமில்லை. கைம்பெண் பொதுவிடங்களில் முன்வந்து நிற்பதே இழுக்காகக் கருதப்பட்ட காலத்தில், அந்த வெள்ளைச் சேலையே இவரது அடையாளமாக மாறியது வியப்புக்குரியது.

பூம்புகார் படத்தில் இறைவனைக் குறை கூறுவதாகத் தமக்குப் பட்ட ஒரு வரியைப் பாட மறுத்தார் என்றும், பிறகு அவ்வரி மாற்றப்பட்டது என்றும் சொல்வர். படத்துக்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி.

அரசியல்

கொடுமுடியில் ஒதுங்கியிருந்தவரைப் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களுள் காங்கிரசுத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி முக்கியமானவர். காந்தியடிகள் கொடுமுடி இல்லத்துக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டது என்றும், அத்தட்டையே அவர் நன்கொடையாகக் கேட்டுப் பெற்றார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. காங்கிரசுக் கூட்டங்களில் இவர் பாட வருகிறார் என்றாலே கூட்டம் சேர்ந்தது. 1951 இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமியற்றும் அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக் கலைஞர் இவரே எனக் குறிப்பிடப்படுகிறார்.

பிற்காலம்

"துணைவன்" (1969) படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். பத்மஸ்ரீ விருதும் பெற்றவர். 1960களின் இறுதியில் கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கைக் கட்டினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கிட்டப்பா மறைந்தபோது உடுத்த வெள்ளைச் சேலையை, 1980 இல் தாம் காலமாகும் வரை, 46 ஆண்டுகளுக்கு மேலாக அவர் மாற்றவேயில்லை.