கையொப்பம் தேடும் படிவம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் சிலர், "லைப்ரரியில ஒரு வேலை கெடச்சா போதும்" என்கிறார்கள். மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கக் கதைப் புத்தகம் வாசிக்கலாம். முதல் இரண்டும் சரிதான். மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் சம்பளம் யாருடையது என்று பார்ப்போம். இலங்கையில் பொது நூலகத்தை நடத்துவது கல்வித் திணைக்களம் அல்ல, உள்ளூராட்சி மன்றம். மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, எதன் எல்லைக்குள் நூலகம் இருக்கிறதோ அதன் பொறுப்பு. குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் சந்தைக் கடையைக் குத்தகைக்கு விடுவதும் அதே சபைதான். நூலகர் மாகாணப் பொதுச் சேவையைச் சேர்ந்தவர். அன்றாடம் பதில் சொல்ல வேண்டியது சபைச் செயலாளருக்கு. புத்தகம் வாங்கும் பணம் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஆலோசனையும் பயிற்சியும் தரும். கூரை ஒழுகினால் தகரம் வாங்கித் தருவது அதன் வேலையல்ல.

நம் மலையகத்துப் பொல்பிட்டியக்காரருக்கு அந்தச் சபை அம்பகமுவ பிரதேச சபை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களையும் சேர்த்து ஏறத்தாழ 2 இலட்சம் பேருக்கு இந்த ஒரே பிரதேச சபைதான் நெடுங்காலம் இருந்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலை ஒட்டித்தான் அது மூன்றாகப் பிரிந்தது.

இனி வேலைக்கு வருவோம். புதுப் புத்தகம் வந்ததும் முத்திரை குத்தி, பெரிய பதிவேட்டில் வரிசை இலக்கம் போட்டு, எந்தத் தட்டுக்கு உரியது என்று எண் தர வேண்டும். மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் உலக அறிவெல்லாம் பத்துப் பிரிவு. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுவதையும் தாராளமாகக் கொடுத்த அந்த முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, சிறுகதை, நாவல் என்றால் கடைசியில் ஒரு 3. தேயிலை படும் பாட்டைப் பாருங்கள். தேயிலைச் செய்கை 633.72, விவசாயத் தட்டு. தேயிலைத் தொழிலாளரின் சம்பளம், வேலைநிறுத்தம் என்றால் 331, பொருளியல் பக்கம். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைத் தொகுதி என்பதால் 894.8113. தலைப்பை மட்டும் பார்த்து எண் போடுகிறவர் அதை உரமூட்டை பற்றிய புத்தகங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஆகவே வாசிப்பு இந்த வேலையில் உண்டு. முன்னுரை, பொருளடக்கம், பின்னட்டை என்ற அளவில். கதையின் முடிவு நூலகருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மழையும் ஒரு பகுதி வேலையை எடுத்துக்கொள்ளும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுவதுண்டு. தாள் ஈரத்தைக் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பிறகு பூச்சி வரும். அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளிவைப்பதும், வெயில் எட்டிப்பார்த்தால் ஜன்னலைத் திறந்துவிடுவதும், பூஞ்சணம் கண்ட புத்தகத்தைப் பிரித்துவைத்துத் துடைப்பதும் வருஷம் முழுக்க நடக்கிற காரியம்.

வருஷத்துக்கொரு முறை பொருட் கணக்கெடுப்பு வரும். சபையின் நாற்காலி, மண்வெட்டி போலப் புத்தகமும் சபைச் சொத்து. பதிவேட்டில் இருக்கிறது, தட்டில் இல்லை என்றால் பொறுப்பில் இருப்பவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சில நூலகர் நல்ல புத்தகத்தைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைப்பதன் காரணம் இதுதான். வாசித்துக் கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்கிறார்கள், ஒருவரும் தொடாத புத்தகத்துக்குக் கேட்பதில்லை. தலைகீழான கணக்கு என்பேன்.

மேசைக்கு வருகிறவர்கள் பலர் கதை தேடி வருவதில்லை. ஒருவர் வீரகேசரிக்கு வருவார். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வேலை விளம்பரம் பார்க்க இளைஞர்கள் வருவார்கள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கேட்டு ஓர் அம்மா வருவார். ஒக்டோபரில் வாசிப்பு மாதம். அப்போது பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி, பரிசளிப்பு என்று பந்தல்காரர் வேலையும் சேரும். படிவம் நிரப்பிக் கொடுப்பது பதவி விபரத்தில் எழுதப்படாத வேலை. ஆனால் அதில்தான் ஆட்களின் முகம் மலர்கிறது.

படிவம் என்றதும் அங்கத்துவப் படிவத்தைச் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் மலையகத்து நூலகத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு தாளில் இருக்கிறது. புத்தகம் இரவல் வாங்க, சபை எல்லைக்குள் வரி செலுத்துகிறவரோ அரச ஊழியரோ பிணை நின்று கையொப்பமிட வேண்டும் என்பது பல நூலகங்களின் வழக்கம். டவுன் கடைக்காரர் மகனுக்கு அப்பாவின் கையொப்பமே போதும். லயத்துப் பிள்ளை என்ன செய்யும்? காம்பரா கம்பனியுடையது, வீட்டுக்கு வரித் துண்டு இல்லை. தனி முகவரியும் பெரும்பாலும் இல்லை; கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போய் அங்கிருந்துதான் கைக்கு வரும். நூல் திருப்பச் சொல்லி அனுப்பும் நினைவூட்டல் அட்டைக்கும் அதே வழிதான்.

இந்தப் பிணை நிபந்தனை நூலகர் கண்டுபிடித்த தடையல்ல; தோட்டத்தைச் சபைக்கு வெளியே நிறுத்திய பழைய பார்வையின் தொடர்ச்சி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அந்த உறுப்பினர் தோட்டத்துக்கு ஒரு வாசிகசாலை கேட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆனால் சட்டம் மாறினாலும் பழைய படிவம் தானாக மாறாது. "ஸ்கூல் அதிபர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும் நூலகருக்கும், "பிணை இல்லாமல் தர முடியாது" என்று தாளைத் திருப்பித் தருகிற நூலகருக்கும் பதவி ஒன்றுதான்.

நேரமும் இப்படித்தான். காலைப் பெரட்டுக்குப் போனவர் கடைசிக் கொழுந்தை நிறுத்து முடித்து மலை இறங்கும்போது மாலையாகிவிடும். பல நூலகங்கள் ஐந்து மணியளவில் பூட்டப்படும். நடுவில் குளிப்பும் சமையலும் பிள்ளையும் இருக்கின்றன. பஸ்ஸும் கிடைக்க வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண் இந்த வரிசையில் எந்த இடத்தில் நூலகத்தை வைப்பார்?

வாசகர் வர முடியாவிட்டால் புத்தகம் போகட்டும் என்பது நம்மவருக்குப் புதிதல்ல. 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் அமைத்தார். அதைத் தொடக்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த வண்டி நம் மலையில் ஏறாது. ஆனால் கொழுந்து லொறி தினமும் ஏறி இறங்குகிறது. மடுவத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ ஒரு பெட்டி புத்தகம் வைத்து, மாதத்துக்கொரு முறை மாற்றினால் போதும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பதிவேட்டில் ஒரு பக்கம், சபையின் ஒரு தீர்மானம், தோட்ட நிர்வாகத்தின் ஒரு சம்மதம் வேண்டும்.

நூலகர் தனியாக இதைச் செய்ய முடியாது. அவர் சபை ஊழியர். வாசகர் கேட்டால் அவர் அந்தக் கோரிக்கையைத் தன் குறிப்போடு மேலே அனுப்பலாம். பிணை நிபந்தனையில் பாடசாலை அதிபரையும் கிராம உத்தியோகத்தரையும் சேர்க்கும்படியும், வாரத்தில் ஒரு நாளாவது இரவு ஏழு மணிவரை திறக்கும்படியும் இரண்டே வரியில் எழுதிச் செயலாளருக்குக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். பிரதி ஒன்றை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, அடுத்த சபைக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.