பத்தடி அறைக்குள் எட்டே முக்கால் மீட்டர்

குன்றத்தூர் கடைத்தெருவில் ஒரு ஹோம் தியேட்டர் செட்டைத் தூக்கிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் 5,000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்து. சப்வூஃபரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: 230 வோல்ட், 60 வாட்ஸ். சுவரிலிருந்து அறுபது வாங்கி ஐயாயிரமாகத் திருப்பித் தரும் பெட்டி இருந்தால் நெய்வேலியில் நிலக்கரி தோண்டவே வேண்டாமே! கடைக்காரர் சிரித்தார். "அது பி.எம்.பி.ஓ. சார். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துபோகும் உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிச் சொல்வது. அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அந்த ஸ்டிக்கரை நம்பலாம்.

வாட்ஸ் இருக்கட்டும். சப்வூஃபர் என்ற பெயரில் நாம் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் காற்றைத் தள்ளும் ஒரு பம்பு. எட்டு இன்ச் கோன் ஒன்றைத் தரையில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபெல் சத்தம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு அந்தக் கோன் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் போதும். 80 ஹெர்ட்ஸுக்கு வந்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40-க்கு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல். 20-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர் முன்னும், அதே அளவு பின்னும் போய்வர வேண்டும். அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் உழைப்பு நான்கு மடங்காகிறது. விலை குறைந்த எட்டு இன்ச் கோன் ஒன்றரை சென்டிமீட்டர் துள்ளாது. துள்ள வைத்தால் சில நாளில் கிழிந்த முறம்போலப் படபடக்கும்.

போதாததற்கு நம் காதும் ஓரவஞ்சனை செய்கிறது. 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறதோ, அவ்வளவு சத்தமாக 31 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 88 டெசிபெல் தேவை. 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் ஹெட்ஃபோன் மாட்டி ஆட்களை உட்காரவைத்து இந்த வளைகோடுகளை முதலில் வரைந்தார்கள். சத்தத்தைக் குறைத்ததும் பாட்டில் பேஸ் காணாமல் போவது இதனால்தான். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு கீழே போக வேண்டும்? இங்கேதான் பணம் மிச்சமாகும் இடம் இருக்கிறது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பாட்டுக்கு அடியில் தனியாக நடைபோடும் அந்த கிட்டார் முழுவதும் அதற்கு மேலேதான் நடக்கிறது. 20 ஹெர்ட்ஸ் வேண்டுவது சினிமாவில் கட்டடம் இடிந்து விழுவதற்கும், யானைகளுக்கும். யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்குரலில் பேசிக்கொள்ளக்கூடும் என்று 1970களிலேயே ஊகித்து எழுதியவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைக்காரர். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்ற கேட்டி பெய்ன், காற்றே துடிப்பதுபோல உணர்ந்து பதிவு செய்து பார்த்தார்: 14 முதல் 24 ஹெர்ட்ஸ். யானைக்கு அந்தத் தொண்டை உண்டு. என் பட்ஜெட்டுக்கு இல்லை. பாட்டுக் கேட்க 40 போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

பெட்டியின் சங்கதி கடம் வாசிப்பவருக்குத் தெரிந்ததுதான். கடத்தின் வாயை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் அவர் அடிநாதத்தை மாற்றுகிறார். பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்போல. வாயருகே இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடைபோல. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்குக் கணக்குச் சொன்னார். வட்டத் துளையும் குழாயும் வைத்த சப்வூஃபர் மரத்தில் செய்த கடம். குழாய் ஒலிக்கும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் கோன் அதிகம் அசையாமலே சத்தம் கூடும். அதற்குக் கீழே போனால் கோனைத் தாங்கிப் பிடிக்கக் காற்று இருக்காது, வெறுமனே ஆடும். குழாய் குறுகலாக இருந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோலப் 'புஸ்' என்று கேட்கும். கடையில் துளைக்கு எதிரே கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். துளையே இல்லாத மூடிய பெட்டி இவ்வளவு வீராப்பு காட்டாது; கீழே போகப் போகப் பதறாமல் மெல்ல அடங்கும். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸும் வேண்டும், குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தமும் வேண்டும் என்றால் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஹோஃப்மன் வகுத்த விதி இது. கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் அவர்.

மலிவான செட்களில் பலவும் அறுபது, எழுபது ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்படி செய்யப்பட்டவை. எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே 'டும்'. கடையில் போட்டுக் காட்டும் குத்துப்பாட்டுக்கு அது பிரமாதம். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றை போனில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். படிக்கட்டில் எல்லாப் படியும் காலில் தட்டுப்பட வேண்டும். ஒரு படி உப்பி, அடுத்த படி காணாமல் போனால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அதே உப்பலைப் பிறகு என் வீட்டிலும் கேட்டேன். நான் வாங்கி வந்தது மூடிய எட்டு இன்ச் பெட்டி, நல்ல பெட்டி. குற்றவாளி அறை.

எங்கள் ஊர்ப் பக்கம் வாடகை வீட்டில் ஹால் என்றால் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி. இங்கத்திய வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டே முக்கால் மீட்டர். பத்தடி என்பது மூன்று மீட்டர்தான். அலை நீட்டிப் படுக்க இடமில்லை. சுவருக்குச் சுவர் சரியாக அரை அலை பொருந்தும் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வந்தால் அலை முன்னும் பின்னும் மோதி நின்றுவிடும்: சுவரோரம் அழுத்தம் உச்சம், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 57 ஹெர்ட்ஸ் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பேஸ் கிட்டாரில் அடிச்சுரத் தந்திக்கு அடுத்த தந்தி 55 ஹெர்ட்ஸ். அதைத் தொட்டால் பீரோ மேல் இருக்கும் சூட்கேஸ் கடகடக்கும்.

வெளிநாட்டு யோசனைகள் இங்கே பாதிதான் உதவும். அங்கே பல வீடுகளில் உள்சுவர் மரச்சட்டத்தில் அடித்த பலகை. பேஸில் ஒரு பங்கு அதன் வழியே கசிந்துவிடும். நம்முடையது செங்கல், சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். உள்ளே விட்டது உள்ளேயே சுற்றும். மூலையில் மெத்தையைச் சாய்த்து வைத்தால் சரியாகும் என்பார்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே ஒன்றரை மீட்டர். அதற்கு மெத்தை இருப்பதே தெரியாது. கதவைத் திறந்து வைப்பது அதைவிடப் பலன் தரும்.

காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை உட்கார வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, நாம் தரையில் சுவரோரமாகத் தவழ வேண்டும். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பலாம். அலை போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பதால் இது பலிக்கிறது. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது பால் பாக்கெட்டோடு உள்ளே வந்த மனைவி, "என்ன தொலைஞ்சு போச்சு?" என்றாள். கண்டுபிடித்த இடம், மேற்குச் சுவரின் நடு. சுவரின் நடுவில் வைத்தால் குறுக்கே நிற்கும் அலையின் வெற்றிடத்தில் பெட்டி மாட்டிக்கொள்கிறது, அதைத் தட்டி எழுப்ப முடியாது. மூன்றில் ஒன்று குறைந்தது. ஐந்தடி உயரத்தில் ஏற்றினால் இன்னொன்றும் குறையும். அதை வீட்டில் நான் கேட்கவில்லை. மேற்குச் சுவரின் நடுவில் இருந்த தையல் மிஷினை நகர்த்தவே இரண்டு நாள் பேச வேண்டியிருந்தது.

பெட்டி பக்கவாட்டில் போனதால் பாட்டு அங்கிருந்து வருவதுபோலத் தோன்றுமே என்ற பயம் வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை நம் தலையைவிடப் பல மடங்கு நீளம். இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்வதால் திசை பிடிபடாது.

திசை தெரியாதது சுவருக்கும் அடங்காது. அதிர்வெண் பாதியானால் சுவர் தடுப்பது சுமார் 6 டெசிபெல் குறைகிறது. ஆடி மாதத்தில் நாலு தெரு தள்ளி அம்மன் கோயிலில் கட்டிய பாக்ஸிலிருந்து அம்மன் பாட்டு வந்து சேராமல் 'டும்' மட்டும் வருவது அதனால்தான். எங்கள் கீழ்வீட்டுத் தம்பிக்கு ஒரகடத்தில் வேலை, ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படுப்பான். மூன்றாம் நாள் படியேறி வந்தான். "என்ன பாட்டுன்னு தெரியல அண்ணே. தாளம் மட்டும் தலையணைக்குள்ள கேக்குது."

அவன் நைட் பார்க்கும் வாரம் பெட்டியின் சுவிட்சைப் பகலில் தொடுவதில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் அவனே மேலே வந்துவிடுகிறான். நாற்காலி கொடுத்தாலும் உட்காருவதில்லை. நேராகப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, "இங்கதான் அண்ணே நல்லா அடிக்குது" என்கிறான்.