தெரிந்த முகம்தானே என்று வாங்கிய கூலர்

நம் சங்க உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்தது இது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மளிகைக் கடையோடு கோடைக்கு மோர், கலர், தண்ணீர் பாட்டில் விற்க ஒரு கூலர் தேடிக்கொண்டிருந்தார். புதிது வாங்கக் கையில் முதல் இல்லை. அந்த நேரம் பார்த்து வணிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. "கண்ணாடிக் கதவு கூலர், நல்ல கண்டிஷன், 9,000 ரூபாய், கடை காலி செய்வதால் அவசர விற்பனை." போட்டவர் நாலு தெரு தள்ளி பெட்டிக்கடை வைத்திருந்தவர். முகம் தெரிந்தவர்தான். பேசி 8,000 ரூபாய்க்கு முடித்துக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தாயிற்று.

மூன்றாம் வாரம் லைனுக்கு வந்த குளிர்பானக் கம்பெனி ஆள், கூலரின் பின்பக்கம் குனிந்து ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எங்க கம்பெனி பெட்டியாச்சே. அந்தப் பெட்டிக்கடைக்குக் கொடுத்தது. இங்கே எப்படி வந்துச்சு?"

"காசு கொடுத்து வாங்கினேன் தம்பி."

"விற்க அவருக்கு உரிமை இல்லையே அண்ணாச்சி."

உண்மையும் அதுதான். குளிர்பானம், ஐஸ்கிரீம் கம்பெனிகள் நம் கடைகளில் வைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் அவர்கள் சொத்தாகவே இருக்கும். டெபாசிட் வாங்கியோ வாங்காமலோ, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சரக்கு ஓடுவதற்காக வைத்துவிட்டுப் போகிறார்கள். நாலைந்து வருடம் கடையில் நின்றதும் நம் பெட்டி என்றே மனத்தில் பதிந்துவிடுகிறது. விற்றவரும் திருட நினைத்தவரல்லர் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் சட்டம் வேறு. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பதே பொதுவான விதி. சில விலக்குகள் உண்டு, இது அவற்றில் அடங்காது. கூலர் கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விட்டது.

பழைய பொருள் வாங்குவது நமக்குப் புதிதல்ல. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீயில் அழியும் வரை பழைய புத்தகம் முதல் கிராமபோன் வரை அங்கே கைமாறியது. பழைய வண்டி உதிரிக்குப் புதுப்பேட்டை இன்றும் இருக்கிறது. நம் மளிகைத் தொழிலில் இதற்கென்று தனிச் சந்தை இருந்ததில்லை. லைன் சேல்ஸ்மேன்தான் சந்தை. இன்ன ஊரில் இன்ன கடை மூடுகிறார்கள், அலமாரியும் தராசும் கிடக்கின்றன என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். நாலு கடை தள்ளி ஒருவர் வாங்கிக்கொள்வார். கல்லாப்பெட்டியை மட்டும் பலர் விற்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு போவார்கள்.

இன்று அந்தச் சேல்ஸ்மேன் வேலையை வாட்ஸ்அப் குழுவும் முகநூல் சந்தையும் ஓஎல்எக்ஸும் செய்கின்றன. ஒரு படம் போட்டால் அரை மணியில் பத்துப் பேர் விலை கேட்கிறார்கள். நன்மை பெரிது, மறுக்கவில்லை. ராக், டிஸ்ப்ளே டப்பா, பில்லிங் பிரிண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் புதிய விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. இளம் வணிகர்கள் பலர் இப்படித்தான் கடையை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் சேல்ஸ்மேனுக்குப் பொருளின் பூர்வீகம் தெரியும். படத்துக்குத் தெரியாது.

எனவே முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பில்லை. பழைய பொருளுக்குப் பில் எங்கே என்று சிரிப்பார்கள். பில் தொலைந்திருந்தால் பெயர்ப்பலகையில் உள்ள சீரியல் எண்ணையும், கம்பெனி ஒட்டிய எண் எதுவும் உண்டா என்பதையும் பாருங்கள். ஒட்டியதைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு திருட்டுப் பொருளை வாங்குவோருக்கானது. நம்பி ஒப்படைத்ததைக் கையாடி விற்றதும் அதில் திருட்டுப் பொருளாகவே கருதப்படுகிறது. தெரிந்தே வாங்கினால் மட்டுமல்ல, சந்தேகிக்கக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வாங்கினாலும் குற்றம்தான். பாதி விலைக்குக் கீழே, இரவோடு இரவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அது சந்தேகத்துக்குக் காரணம் இல்லையா?

ஃப்ரீசர், கூலர் வாங்குவோர் ஓடும் நிலையில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. கதவு இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். பெட்டி நன்கு குளிர்ந்த பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் கரண்ட் பில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 3 யூனிட் கூடுதலாக இழுத்தாலே இரண்டு மாதப் பில்லில் 180 யூனிட் ஏறும். மலிவாக வாங்கியது அங்கே போய்விடும். பெயர்ப்பலகையில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது தீப்பற்றும் கேஸ், விவரம் தெரிந்த மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் கை வைக்க விடாதீர்கள். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டு வந்த பெட்டியைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

தராசு விஷயம்தான் பலருக்குத் தெரியவில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எடைக்கருவி செய்யவும், பழுது பார்க்கவும், விற்கவும் உரிமம் வேண்டும். குழுவில் "எலக்ட்ரானிக் தராசு விற்பனைக்கு" என்று நாம் படம் போடுவதே சிக்கல். உரிமம் பெற்ற வியாபாரியிடம் பழையதைக் கொடுத்து மாற்றுவதே சரியான வழி. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறையும், இரும்புப் படிக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறையும் முத்திரை வேண்டும். இடையில் மெக்கானிக் திறந்து முத்திரை அறுந்திருந்தால் தேதி பாக்கி இருந்தாலும் செல்லாது. தொழிலாளர் துறை ஆய்வு வரும்போது "பழையதாக வாங்கினேன்" என்ற பதில் நிற்காது.

இனி விற்பவர் பக்கம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கடைச் சாமானை விற்றால் அதற்கும் கணக்கு உண்டு. 50,000 ரூபாய் ஃப்ரீசர் வாங்கி, 18 சதவீத வரி 9,000 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து 20,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். கழித்த வரியில் காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் எட்டுக் காலாண்டுக்கு 40 சதவீதம் தள்ளினால் மீதி 5,400 ரூபாய். விற்ற விலைக்கு வரி 3,600 ரூபாய். இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும், அதாவது 5,400. விலை பேசும்போதே இதை மனத்தில் வைக்காதவர்கள் ஆடிட்டரிடம் போய் முகம் சுளிக்கிறார்கள். இன்னொன்று, பழைய பில்லிங் கம்ப்யூட்டரை விற்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். நம் கொள்முதல் விலையும் யார் யார் எவ்வளவு கடன் என்பதும் அதில்தான் இருக்கின்றன.

பணம் கைமாறும் இடத்தில் ஏமாற்று அதிகம். பொருளைப் பார்க்காமலேயே சொன்ன விலைக்குச் சரி என்பவர், ராணுவத்தில் இருக்கிறேன் என்று அடையாள அட்டைப் படம் அனுப்புபவர், முன்பணம் அனுப்ப க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள் என்பவர், இவர்கள் பெரும்பாலும் ஒரே கூட்டம். பணம் வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் நம் பணம் போகிறது என்றே பொருள். அனுப்பிவிட்டேன் என்று காட்டும் படத்தையும் நம்ப வேண்டாம், நம் கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகே பொருளை வண்டியில் ஏற்றுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதமாகத் தாமதமாகப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும்.

தெரிந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்ற கூச்சம் நம்மிடம் உண்டு. கடனுக்குச் சரக்குக் கொடுத்தால் நோட்டில் எழுதுகிறோம், அதில் கூச்சமில்லை. அரைத் தாளில் இவ்வளவு எழுதினால் போதும்: "இன்ன கம்பெனி, இன்ன சீரியல் எண்ணுள்ள ஃப்ரீசர் என் சொந்தப் பொருள். இதன் மேல் கடனோ வேறு எவருக்கும் உரிமையோ இல்லை. இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டு இன்ன தேதியில் விற்றுள்ளேன். வேறொருவர் உரிமை கோரினால் பெற்ற தொகையைத் திருப்பித் தருவேன்." கீழே இருவர் கையெழுத்து, முகவரி, போன் எண். சொந்தப் பொருளை விற்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் உறுப்பினரிடம் அப்படியொரு தாள் இல்லை. வாட்ஸ்அப் பேச்சும் 8,000 ரூபாய் போன ஜிபே பதிவும் இருந்தன, அதுவே உதவிற்று. இரு தரப்பையும் சங்க அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசினோம். கம்பெனி பெட்டியை விற்றது தவறு என்று விற்றவர் ஒத்துக்கொண்டார். கடையை மூடியவரிடம் கையில் பணம் இல்லை. முதல் தவணையாக 3,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். மீதி தைக்குள் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.