கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்!

வேலூருக்கு வருபவர்கள் செல்போனில் முதலில் படம் எடுப்பது கோட்டையைத்தான். அகழி நீரில் மதில் தலைகீழாகத் தெரியும். உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம். யாளித் தூண்களைச் சாய்ந்த வெயிலில் எடுத்தால் செதுக்கல்கள் துலங்கும்.

பலரும் கவனிக்காமல் போவது, கோட்டை அருகே மக்கான் சந்திப்பில் நிற்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் இலச்சினை வைத்த புதிய தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட, 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் பொங்கி எழுந்தனர். ஆற்காட்டிலிருந்து பாய்ந்து வந்த குதிரைப்படை அன்றே அடக்கியது. நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 1857 புரட்சிக்கு 51 ஆண்டுகள் முன்பு!

இன்று ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல் தொழில்தான். அதே வட்டாரத்தில் ஒரு துண்டுத் தோலும் புரட்சிக்குக் காரணமாக இருந்திருக்கிறது. அந்தத் தூணையும் ஒரு படம் எடுங்கள். ‘இது என்ன?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதையை அங்கிருந்து தொடங்கலாம்.