இந்தோனேசியா போகும் முன் முப்பது சொற்கள்

விபோர்க்கில் உள்ள நம்மவர் குடும்பங்களில் பயண ஒழுங்கு எல்லாம் பிள்ளைகளின் கையில்தான். காருப்பிலோ பிலுண்டிலோ விமானம் ஏறினால், திரும்பி வந்து இறங்கும் வரை பேசுவதும் அவர்கள்தான். அம்மாவும் அப்பாவும் கடவுச்சீட்டைப் பிடித்தபடி பின்னால் நிற்பார்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு இன்னொன்று என்று இருக்கும் டெனிஷ் மொழியோடு பட்ட பாட்டுக்குப் பிறகு, ஐம்பது வயதில் இன்னொரு மொழியா என்று தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் பாலிக்கோ ஜகார்த்தாவுக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை.

இந்தோனேசிய மொழியை எழுதியிருப்பது போலவே வாசிக்கலாம். வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. ஆண்பால், பெண்பால் இல்லை. அதைவிட முக்கியம், அந்த மொழியில் ஒரு பங்கு ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில்தான் ஒல்லாந்தர் ஜகார்த்தாவைப் பிடித்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒரே எசமான்கள் இரண்டு கரைகளிலும் ஒரே சொற்களை விட்டுப் போனார்கள். நாம் சப்பாத்து என்பதை அவர்கள் செபாத்து என்கிறார்கள். மேசை அங்கே மேஜா, சன்னல் ஜெண்டேலா, அலுமாரி லெமாரி. நம் ஊர்ப் பெரியவர்கள் அலுவலகத்தைக் கந்தோர் என்பார்கள். இந்தோனேசியரும் கான்தோர் என்கிறார்கள், டெனிஷ்காரர் கொன்டோர் என்கிறார்கள். மருந்துக்கடை டென்மார்க்கிலும் அங்கேயும் அப்போத்தேக்தான். தமிழிலிருந்து போன கப்பல் அங்கே காப்பால், கடை கெடாய், பெட்டி பெத்தி.

வணக்கத்திலிருந்து தொடங்குவோம். காலையில் செலாமாட் பாகி, மதியத்தில் செலாமாட் சியாங், பின்னேரம் செலாமாட் சோரே, இரவில் செலாமாட் மாலாம். நலம் கேட்க, அப்பா காபார்? பதில், பாயிக். நன்றிக்குத் தெரிமா காசி. அதற்கு மறுமொழி சாமா சாமா, அதாவது உங்களுக்கும் அப்படியே. நமது 'சமம்' என்ற சொல்லின் உறவு அது. பெரியவர்களை வெறும் பெயர் சொல்லி அழைப்பது அங்கேயும் மரியாதை இல்லை. ஆணானால் பாக், பெண்ணானால் இபு என்று சேர்க்க வேண்டும். நாம் ஐயா, அம்மா என்பது போல.

இன்னும் இரண்டு விசாரிப்புகள் உண்டு. சூடா மாகான் என்றால் சாப்பிட்டாச்சா? மாவ் கெ மானா என்றால் எங்கே போகிறீர்கள்? டென்மார்க்கில் தெருவில் ஒருவர் இப்படிக் கேட்டால் ஏன் விசாரிக்கிறார் என்று யோசிப்போம். அங்கே அது நம் ஊர் ஒழுங்கையில் கேட்கும் கேள்வி மாதிரித்தான். ஜாலான் ஜாலான், அதாவது சும்மா உலாத்த, என்று சொல்லிச் சிரித்தால் போதும்.

விமான நிலையத்தில் பலகைகளைப் பாருங்கள். கெபெராங்காத்தான் என்றால் புறப்பாடு, கெடாத்தாங்ஙான் என்றால் வருகை. மாசுக் உள்ளே, கெலுவார் வெளியே. விமானம் பெசாவாத், வாசல் பின்த்து, பொதி பாகாசி, கடவுச்சீட்டு பாஸ்போர். எது எங்கே என்று கேட்க டி மானா போதும்: தொய்லெத் டி மானா? யாரையாவது கடந்து போகப் பெர்மிசி, மன்னிப்புக்கு மாஆஃப், உதவி கேட்கத் தோலோங்.

காசு விஷயத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். ஒரு குரோனருக்கு 2,000 ரூபியாவுக்கு மேல் கிடைக்கும். மிகப் பெரிய நோட்டு 100,000. எண்களை முதலில் பாடமாக்குங்கள்: சாத்து, டுவா, தீகா, எம்பாத், லீமா, எனாம், துஜு, டெலாப்பான், செம்பிலான், செபுலு. புலு பத்து, ராத்துஸ் நூறு, ரிபு ஆயிரம், ஜூத்தா பத்து இலட்சம். பெராப்பா என்றால் எவ்வளவு? கடைக்காரர் டுவா புலு லீமா என்று மட்டும் சொன்னால், 25 இல்லை, 25,000. ரிபுவைச் சொல்லாமல் விடுவது அங்கே வழக்கம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் தன்பா டாகிங், இறைச்சி இல்லாமல், என்பதைக் கட்டாயம் பாடமாக்க வேண்டும். உறைப்பு வேண்டாம் என்றால் திடாக் பெடாஸ். தண்ணீர் ஆயிர்.

இந்த மொழி எல்லாத் தமிழருக்கும் சுற்றுலாவில் அறிமுகமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமாத்திராவின் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் மேடானில் வாழ்கிறார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது. 2009 ஒக்டோபரில் 250க்கும் மேற்பட்ட ஈழத்தமிழரோடு போன படகை இந்தோனேசியக் கடற்படை மறித்து மெராக் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கரையிறங்க மறுத்து மாதக்கணக்கில் படகிலேயே இருந்தார்கள், குழந்தைகளும் கூட. அந்த நிலையில் ஆயிர், தோலோங் என்ற இரண்டு சொற்கள் என்ன பெறுமதி என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அகதியாக வந்த நாளிலிருந்து வைத்தியரிடமும் நகரசபையிலும் நமக்காகப் பேசியது பிள்ளைகள். விடுமுறையிலாவது அவர்களுக்கு அந்த வேலையிலிருந்து ஓய்வு கொடுப்போம். இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, ஒரு கிழமை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அங்கே இறங்கியதும் குடிவரவு மேசையில் முதல் ஆளாக நின்று, செலாமாட் பாகி பாக் என்று நீங்களே சொல்லலாம்.