பயிற்சியும் சங்கத்தின் குறிக்கோளும்

பயிற்சிக்கு அங்கத்தினர் ஒருவரை அனுப்புமாறு கடிதம் வருகிறது. வேலை குறைவாக உள்ளவரை அனுப்பி வைக்கிறோம். அவர் சான்றிதழுடன் திரும்புகிறார்; அது பெட்டிக்குள் போய்விடுகிறது. இவ்வழக்கத்தை நாம் சற்று ஆராய வேண்டும்.

கல்விக்குச் செலவிடுவது கூட்டுறவாளருக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் 1844-ல் ராக்டேல் நகரத் தொழிலாளர் அமைத்த சங்கம், பிற்காலத்தில் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். 1995-ல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் பற்றியதே. ஆயினும் பணம் ஒதுக்கினால் மட்டும் பயன் விளைந்துவிடாது. எந்தக் காரியத்திற்காகக் கற்கிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

நமது பழனி மலையடிவாரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. கன்னிவாடி வட்டாரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால் மகளிர் குழுவினர் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியை வளர்க்கப் பயின்றனர். பூச்சிமருந்துச் செலவைக் குறைப்பதே இத்தொழிலின் நோக்கம். கம்பு நொய்யில் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் இச்சிறு குளவியை முட்டையிடச் செய்கின்றனர். அட்டையை வயலில் கட்டினால், வெளிவரும் குளவிகள் காய்ப்புழு போன்றவற்றின் முட்டைகளைத் தேடி அழிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளவி சில நாட்களில் வெளிவந்துவிடும். ஆதலால் அட்டை உரிய நாளில் வயலுக்குச் சென்றாக வேண்டும். தாய்ப்பூச்சி தென்படும் பருவத்தை விவசாயி அறிந்திருக்க வேண்டும். அட்டை கட்டியபின் நஞ்சு தெளிக்கலாகாது. தயாரிப்பவருக்கு மட்டும் பயிற்சி தந்து, பயன்படுத்துவோரை மறந்தால் உழைப்பு அத்தனையும் வீணே.

நெசவுக்கும் இதுவே பொருந்தும். டாபி வேலை கற்றுத் திரும்பியவருக்குத் தறியில் டாபி பொருத்தித் தராவிடில், சில மாதங்களில் கை மறந்துவிடும். டாபி பொருத்தினாலும், அத்துணிக்கு விற்பனை வழி காணாவிடில் சரக்கு தேங்கும்.

ஆகவே, ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் நிர்வாகக் குழு மூன்று வினாக்களுக்கு விடை காண்பது நலம். இவ்வாண்டு சங்கம் அடைய விரும்புவது யாது? அதற்கு நம்மிடம் இல்லாத திறமை எது? கற்று வருபவர் மறுநாளே வேலை தொடங்கக் கருவியும் மூலப்பொருளும் உண்டா? ஓராண்டு கழித்து அதன் பயனைச் சான்றிதழ்களை எண்ணி அறிய முடியாது. மருந்து தெளித்த தடவைகள் குறைந்தனவா, கழிவுத்துணி குறைந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இவ்வினாக்களை அங்கத்தினர்களே எழுப்புவார்களாக. செலவாவது நம் அனைவருடைய பணமன்றோ!